கேமராவைப் பையில் வையுங்கள்

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் புகைப்பட ஆர்வலர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

இங்கே இருப்பவர்களில் சிலர் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவர்கள். சிலர் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைபவர்கள். இரண்டு கூட்டத்திலும் புகைப்படப் பயிலரங்கு நடத்தும் ஆசை வந்திருக்கிறது என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். நல்ல ஆசைதான். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிறவர் உங்கள் படங்களைப் பார்ப்பதற்குப் பணம் கட்டவில்லை. அவற்றை இன்ஸ்டாகிராமில் இலவசமாகவே பார்த்துவிட்டார். அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் நின்று அவர் எடுத்ததை எட்டிப்பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதற்குத்தான் கட்டுகிறார். உங்கள் கவனம்தான் விற்பனைச் சரக்கு. தயாரிப்பு என்று நான் பேசப்போவதெல்லாம், அன்றைய தினம் அந்தக் கவனத்தை வேறு எதுவும் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான்.

வெளிச்சத்திலிருந்து தொடங்குவோம். நம் ஊர்க் கடிகாரம் சூரியனோடு ஒத்துப்போவதில்லை. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா சபா, சரவாக் நேரத்துக்கு மாறி அரை மணி முன்னே போனது. அதனால் பினாங்கில் உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு வராது. ஒரு மணி தாண்டும், சில மாதங்களில் ஒன்றரையே ஆகிவிடும். பொழுது விடிவதும் ஏழுக்கு மேல்தான். எங்கோ இருப்பவர் யூடியூபில் “காலை ஆறு மணி வெளிச்சம்” என்று சொன்னதைக் கேட்டு நீங்களும் ஆறு மணிக்கு ஆட்களை வரச்சொன்னால், கடல்மேல் மரக்கால் நட்டு வீடு கட்டிய படகுத்துறையான சியூ ஜெட்டியின் பலகைமேல் எல்லாரும் கும்மிருட்டில் கொசுக்கடி வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்தத் துறை கிழக்கே பார்த்தது. அக்கரையில் இருக்கிற பட்டர்வொர்த் பக்கமிருந்து சூரியன் ஏறி வரும். ஆறே முக்காலுக்கு வந்தாலே நீல வெளிச்சமும் கிடைக்கும், உதயமும் கிடைக்கும். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்குமேல் வந்துவிடும். யாரை எடுத்தாலும் கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் தெரியும். அந்த வேளையை அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் பார்க்கப் போகும்போது அதே கிழமையில், அதே மணியில் போங்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பார்த்த லெபோ பாசார் வேறு, சனிக்கிழமை காலையில் கறிகாய் வண்டியும் மோட்டார் சைக்கிளும் நெரிகிற லெபோ பாசார் வேறு. வெள்ளிக்கிழமை மதியம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கம் தொழுகைக்கு வருகிற கூட்டம். அந்த நேரத்தில் அங்கே பாடம் நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. கழிப்பறை எங்கே இருக்கிறது, மழை பிடித்தால் எந்த அஞ்சடியில், அதாவது கடை முன்னால் கூரை போட்ட நடைபாதையில், ஒதுங்கலாம், முட்டிவலிக்காரர் எங்கே உட்காரலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றும். மூன்றாவது மணி நேரத்தில் ஒருவர் தயங்கித் தயங்கி உங்களிடம் கழிப்பறை கேட்டால், அவர் ஒரு மணி நேரமாக எதையும் காதில் வாங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிறவர்களிடம் முன்கூட்டியே மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன கேமரா, இதுவரை என்ன எடுத்திருக்கிறீர்கள், எதைக் கற்றுக்கொள்ள வருகிறீர்கள். மதியச் சாப்பாடு உண்டென்றால் சைவமா என்பதையும் கேட்டுவிடுங்கள். சோற்றோடு இறைச்சிக் கறி ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் உட்கார்ந்த பிறகு அதைக் கேட்பது மரியாதையில்லை. கேமரா பெயர் எதற்கு என்றால், நீங்கள் நிக்கானில் பழகியவராக இருப்பீர்கள், அவர் கையில் கேனன் இருக்கும். லென்ஸ் பூட்டுகிற திசையே இரண்டுக்கும் எதிரெதிர். அவரவர் கேமராவின் கையேட்டை உங்கள் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தால், தெருவில் பொத்தான் தேடுகிற நேரம் மிச்சம்.

முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். இவ்வளவு போதும்: “பேட்டரியை இப்போதே சார்ஜில் போடுங்கள். பழைய படங்களைக் கணினியில் ஏற்றிவிட்டு கார்டைக் காலி செய்யுங்கள். இன்று இரவு கேமராவை ஏர்கோன் இல்லாத அறையில் வையுங்கள்.” இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த லென்ஸை நம் ஊர்க் காற்றில் எடுத்தால் ஆவி படிந்துவிடும். துடைத்தால் மறுபடி படியும். நீங்கள் காத்திருந்த அந்த அருமையான வெளிச்சம் முழுக்க அவர் துணியால் துடைத்துக்கொண்டே நிற்பார்.

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம் என்பேன். எட்டுப் பேர் என்றாலும் கூட்டத்தின் வாலில் வர ஓர் ஆள் வையுங்கள். தரை மட்டத்தில் படம் எடுக்க நடுத்தெருவில் மண்டி போடுகிறவர் ஒருவர் நிச்சயம் வருவார். லாரி ஹாரன் அடித்தாலும் அவருக்குக் கேட்காது. ஜெட்டிக்குப் போகிற நாளில் அந்த ஆள், அங்கே குடியிருப்பவர்கள் பேசும் ஹொக்கியன் என்ற சீன மொழி பேசுபவராக இருந்தால் இன்னும் நல்லது.

இனி தெருவுக்கு வருவோம். லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடை. மல்லிகைச் சரம் குவிந்து கிடக்கிறது. எல்லாரும் எடுக்கிறார்கள், பாதிப் பேருக்குப் பூ அழுக்குத் துணி மாதிரி மங்கலாக வந்திருக்கிறது. வெள்ளையானாலும் கறுப்பானாலும் கேமராவின் ஒளிமானி அதை நடுத்தரச் சாம்பலாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவதால் வருகிற வினை இது. இதை விளக்கக் கால் மணி நேரம் பேசலாம், ஆனால் பேசாதீர்கள். வாலில் நிற்கிற ஓர் அக்கா, மகன் விட்டுப்போன பழைய கேமராவோடு வந்தவர், “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர், அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். “அக்கா, கூட்டல் கழித்தல் போட்ட பொத்தான் இருக்கில்ல, அதைக் கூட்டல் ஒன்றுக்கு ஏத்தி இன்னொரு படம் எடுங்க.” இரண்டையும் மாற்றி மாற்றி அவரே பார்க்கட்டும். அப்புறம் கடைக்குள்ளே கறுப்புச் சட்டையில் நிற்பவரை எடுக்கச் சொல்லுங்கள். இப்போது எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள், அவர் சொல்லட்டும். கைப்பேசியோடு வந்த தம்பிக்கும் இதே பாடம்தான். பூவைத் தட்டினால் பக்கத்தில் சூரியக் குறி வரும், அதை விரலால் மேலே தள்ளச் சொன்னால் முடிந்தது. அவரை இரண்டாந்தரமாக நடத்தாதீர்கள். அவரும் அதே பணம்தான் கட்டியிருக்கிறார்.

அந்த நேரத்தில் உங்கள் கண்ணும் வ்யூஃபைண்டரில் இருந்தால் அக்காவை யார் கவனிப்பது? அதனால்தான் கேமராவைப் பையில் வையுங்கள் என்கிறேன். விளக்கிக் காட்ட ஒன்றிரண்டு எடுக்கலாம், எடுத்ததும் உள்ளே போய்விட வேண்டும். “நானும் எடுப்பதைப் பார்த்து அவர்கள் கற்றுக்கொள்வார்கள்” என்று சில பெரிய கைகள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீங்கள் எடுப்பதைப் பார்த்தால் அவர்களுக்குத் தெரிவது உங்கள் முதுகுதான்.

பூக்கடைக்காரரையும் மறக்காதீர்கள். எட்டு லென்ஸ் ஒரே நேரத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே நீண்டால் அதற்குப் பெயர் மறியல். முந்தின நாளே போய்ச் சொல்லுங்கள், வியாபாரம் மும்முரமான நேரத்தைக் கேட்டுத் தவிருங்கள், இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள், ஒரு முழம் பூவாவது வாங்குங்கள். குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. அங்கே பக்தர்கள் சாமி கும்பிட வருகிறார்கள், நமக்கு மாடலாக நிற்க வரவில்லை. அலுவலகத்தில் கேட்டு, கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை என்று குழுவுக்கு வாசலிலேயே சொல்லிவிட்டு நுழையுங்கள். ஜெட்டியில் இருப்பவை வீடுகள். 2008இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியத் தலமானதிலிருந்து அங்கே குடியிருப்பவர்கள் பார்க்காத சுற்றுப்பயணி இல்லை. காலை ஏழு மணிக்கு அவர்கள் ஜன்னல் ஓரம் நின்று ஷட்டர் வேகம் பற்றிச் சத்தமாகப் பேசக்கூடாது. தைப்பூசத்துக்குப் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போவதையும் நான் ஆதரிப்பதில்லை. காவடி எடுப்பவர் அருள் வந்து நிற்கிறார். அவர் முகத்தருகே ஃபிளாஷ் அடிக்கக்கூடாது என்று கற்றுக்கொடுக்க அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு நேரம் கிடைக்காது.

மதியம் படங்களைப் பார்க்கும் அமர்வு. பலர் இதைக் கடைசி அரை மணிக்குத் தள்ளிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பயிலரங்கே இதுதான். ஆளுக்கு மூன்று படம், அவரவரே தேர்ந்தெடுக்க வேண்டும். படங்களை ஒரு கணினியில் சேர்ப்பதற்கே நேரம் பிடிக்கும், சாப்பாட்டுக்கு முன்பே ஆரம்பியுங்கள். திரையில் படம் வந்ததும் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், எடுத்தவரும் திறக்க வேண்டாம். மற்றவர்களிடம் “முதலில் கண் எங்கே போகிறது?” என்று கேளுங்கள். பூக்காரரைத்தான் எடுத்தேன் என்று அவர் நினைத்திருப்பார். எல்லாரும் பின்னால் தொங்கும் மஞ்சள் பிளாஸ்டிக் பையைச் சொல்வார்கள். அந்த ஒரு பதில் உங்கள் பத்து அறிவுரைக்குச் சமம். விலை உயர்ந்த லென்ஸோடு வந்த அண்ணன் ஒருவர் எல்லார் படத்துக்கும் தீர்ப்புச் சொல்ல ஆரம்பிப்பார். மரியாதையாக, “அண்ணே, அடுத்து உங்க படம்தான்” என்று சொல்லுங்கள், கொஞ்ச நேரத்துக்கு அடங்குவார். “நல்லாயிருக்கு” என்ற சொல்லைத் தனியாக விடாதீர்கள். எது நல்லாயிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

முடிந்த பிறகு, தெருவில் முகம் கொடுத்தவர்களுக்கு ஃபோர் ஆர் (நாலுக்கு ஆறு அங்குலம்) அளவில் ஒரு படம் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். செலவு சில்லறைக் காசு. அடுத்த குழுவோடு போகும்போது வரவேற்பே வேறு மாதிரி இருக்கும்.

(கேள்வி நேரத்தில் ஒரு தம்பி, மழை வந்தால் பணத்தைத் திருப்பித் தருவதா என்று கேட்டார்.)

தம்பி, சாதாரண மழைக்கு ரத்து செய்யாதீர்கள். அஞ்சடிக்குள் நின்றால் நனைந்த தெருவின் பளபளப்பு, குடை, கண்ணாடியில் வழிகிற தண்ணீர் எல்லாம் பாடம். இடி மின்னல் என்றால் நிறுத்திவிடுங்கள், பேச்சே இல்லை. வேறு தேதி கொடுங்கள், அந்தத் தேதி ஒத்துவராதவருக்கு முழுப் பணத்தையும் திருப்புங்கள். இதைப் பணம் வாங்குகிற நாளிலேயே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். மழையில் நின்றுகொண்டு பேரம் பேச வேண்டியிருக்காது.