சாவியைக் கொடுப்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி, நல்ல குடித்தனக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான். முகத்தைப் பார்த்தும் பேச்சைக் கேட்டும் அதைச் சொல்லிவிட முடியாது. சில தாள்களைப் பார்க்க வேண்டும், இரண்டு மூன்று பேரிடம் விசாரிக்க வேண்டும், சாவி கொடுக்கும் நாளில் ஒரு மணி நேரம் செலவிட வேண்டும். பின்னால் வரும் தகராறுகளில் பலவற்றை அங்கேயே தடுத்துவிடலாம்.

முதலில் வாடகையை முடிவு செய்யுங்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கிற வாடகை. படிந்த வாடகை வேறாக இருக்கும். அதே அளவுள்ள வீடுகள் கடைசியாக எவ்வளவுக்குப் போயின என்று விசாரியுங்கள். ஐந்து சதவீதம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவைத்தால், அந்த நட்டத்தை ஈடுகட்ட 20 மாதம் பிடிக்கும். அதற்குள் வந்தவர் காலி செய்துவிட்டால் கைநட்டம்தான். வருமானத்தைக் கணக்குப் போடும்போதும் பன்னிரண்டு மாத வாடகையை எண்ணாதீர்கள். ஒரு மாத வாடகையைப் பழுதுபார்ப்புக்கும், இன்னொரு மாதத்தை வீடு காலியாக இருக்கும் காலத்துக்கும் ஒதுக்கி, பத்து மாதமாக எண்ணுவது பாதுகாப்பானது.

இனி ஆளைத் தேர்ந்தெடுப்பது. வருகிறவருடைய கைக்கு வரும் சம்பளத்தில் வாடகை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. அந்தச் சம்பளத்திலிருந்து ஏற்கெனவே கடன் தவணை எவ்வளவு போகிறது என்றும் கேட்க வேண்டும். சம்பளச் சீட்டை மட்டும் நம்ப வேண்டாம். மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையில் அதே தொகை வரவாகியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். சொந்தத் தொழில் செய்கிறவருக்கு மூன்று மாதம் போதாது. அவருக்கு ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும். ஓராண்டு வரவைப் பார்த்துச் சராசரி எடுங்கள். அடையாளச் சான்றின் அசலை நேரில் பாருங்கள்.

முன்பு இருந்த வீட்டின் உரிமையாளரிடம் விசாரிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இப்போது இருக்கும் வீட்டுக்காரர், ஆள் போனால் போதும் என்று புகழ்ந்து பேசலாம். அதனால் அதற்கு முந்தைய வீட்டுக்காரரிடமும் பேசுங்கள். "ஒழுங்காக வாடகை கொடுத்தாரா?" என்று கேட்டால், "கொடுத்தார்" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். "எந்த மாதம் வந்தார், எந்த மாதம் போனார், வாடகை எவ்வளவு, எந்தத் தேதியில் கொடுப்பார், முன்பணத்தில் எதற்காவது பிடித்தீர்களா, மறுபடியும் அவருக்கு வீடு கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். வாடகையும் தேதியும் நீங்களாகச் சொல்லிவிடக் கூடாது; அவர் வாயிலிருந்து வரட்டும். வந்தவர் எழுதிக் கொடுத்த விவரத்தோடு அது பொருந்தவில்லை என்றால், மறுமுனையில் பேசியது வீட்டுக்காரர்தானா என்றே யோசிக்க வேண்டியிருக்கும்.

ஓராண்டு வாடகையை மொத்தமாகப் பணமாகத் தருகிறேன், இன்றைக்கே சாவி வேண்டும் என்கிறவரிடம் அவசரப்படாதீர்கள். விசாரிக்கவே நேரம் தராமல் இருப்பதற்கும் அப்படிச் செய்வதுண்டு. விசாரணை முடியும்வரை பணம் வாங்க வேண்டாம். எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வைத்து, முதலில் கேட்டு வந்தவரை முதலில் பாருங்கள். சாதி, மதம், பிறந்த ஊர், திருமணம் ஆனவரா இல்லையா என்பவை ஒருவர் வாடகையை ஒழுங்காகத் தருவாரா என்பதைச் சொல்வதில்லை. இவற்றில் சிலவற்றை வைத்துப் பிரித்துப் பார்ப்பதைப் பல நாடுகளில் சட்டமே தடைசெய்கிறது. நல்ல குடித்தனக்காரர்கள் பலரை இந்தப் பழக்கத்தாலேயே இழந்துவிடுகிறோம்.

ஒப்பந்தத்தில் குடியிருக்கப்போகும் பெரியவர்கள் அனைவரின் பெயரும் இருக்க வேண்டும். வாடகைத் தேதி, செலுத்தும் வழி, காலி செய்ய எவ்வளவு முன்னறிவிப்பு, உள்வாடகைக்கு விடலாமா, எந்தப் பழுது யார் பொறுப்பு, இவை எழுத்தில் வந்துவிட வேண்டும்.

சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள்; ஒரு மணி நேரம் கழித்து முள் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கழிப்பறையின் ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் சாயம் கலந்து கால் மணி நேரம் விடுங்கள். ஃப்ளஷ் செய்யாமலே கோப்பைக்குள் நிறம் இறங்கினால், அடி வால்வின் ரப்பர் தேய்ந்துவிட்டது. மின்பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச் இருக்கும்; அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனை அழைக்காமல் யாரையும் குடிவைக்கக் கூடாது, ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. மீட்டர் அளவுகள், சாவிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு அறையின் தேதியிட்ட படங்கள், ஏற்கெனவே உள்ள கீறல்களும் உடைசல்களும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர் ஓதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வாடகை வீடுகளில் பெரிய மனக்கசப்பு இதிலிருந்துதான் கிளம்புகிறது. வீட்டுக்காரர் "துணியை உள்ளே காயப்போட்டதால் பூஞ்சை பிடித்தது" என்பார். குடியிருப்பவர் "சுவரிலேயே தண்ணீர் இறங்குகிறது" என்பார். இருவரும் சரியாக இருக்கக்கூடும். ஒன்றரை அடிச் சதுரமான ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரங்களிலும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். தாளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: குழாய்க் கசிவோ, கூரை வெடிப்போ, தரையிலிருந்து ஏறும் ஓதமோ. அது வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டியது. அறையைப் பார்த்த பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது. அதற்குக் காற்றோட்டமும் எக்ஸாஸ்ட் விசிறியும் வேண்டும். எதுவானாலும் காரணத்தைச் சரிசெய்யாமல் மேலே பெயிண்ட் அடித்தால், சில மாதங்களில் கொப்பளம் விட்டு உரிந்துவிடும்.

குடிவந்த பிறகு பழுதுகளை எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள், குறுஞ்செய்தியே போதும். எரிவாயு வாசனை, மின்கசிவு, கழிவுநீர் அடைப்பு, பூட்டாத வாசற்கதவு ஆகியவற்றுக்கு அன்றே ஆள் அனுப்ப வேண்டும். சொட்டுகிற குழாயைப் பலர் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். ஒரு சொட்டைக் கால் மில்லி என்று வைத்தாலே, நொடிக்கொரு சொட்டு ஒரு நாளில் 20 லிட்டரைத் தாண்டும். சொல்லியும் செய்து தராத வீட்டில் நல்ல குடித்தனக்காரர் தங்கமாட்டார். வீட்டைப் பார்வையிடப் போகும்போது ஒரு நாள் முன்னதாகவாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

வாடகை தாமதமானால் மறுநாளே கேட்டுவிடுங்கள். ஐந்து நாள் கழிந்தும் வரவில்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். உண்மையான கஷ்டம் என்றால், எந்தத் தேதியில் எவ்வளவு என்று தவணையை எழுதிக்கொள்ளலாம். இரண்டு மூன்று மாதம் சேர விட்டால் அது அவரால் கட்டவே முடியாத தொகையாகிவிடும். கோபத்தில் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பது மட்டும் கூடவே கூடாது. பாக்கி வாங்க வேண்டியவரே பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவார்.

காலி செய்யும்போது, இரண்டு வாரம் முன்பே, சாவி கொடுத்த நாளில் கையெழுத்திட்ட தாளை வைத்துக்கொண்டு வீட்டைப் பாருங்கள். வெயிலில் மங்கிய நிறமும், நடந்து தேய்ந்த தரையும் புழக்கத்தால் வந்தவை. அவற்றுக்குப் பிடித்தம் செய்யக் கூடாது. உடைந்த கண்ணாடியும் கருகிய சமையல் மேடையும் சேதம். சேதத்திலும் பொருளின் வயதைக் கழிக்க வேண்டும். ஐந்து ஆண்டு தாங்கும் பெயிண்ட் மூன்று ஆண்டு ஆனபின் பாழானால், பிடிக்கக்கூடியது செலவில் ஐந்தில் இரண்டு பங்குதான். பிடித்த ஒவ்வொரு தொகைக்கும் பில்லின் நகலை இணைத்து, மீதி முன்பணத்தைச் சட்டம் வைத்த கெடுவுக்குள் கணக்கில் செலுத்தி, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.