கூட்டம் வேறு, வாடிக்கை வேறு

நேயர்களுக்கு வணக்கம்.

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஆகவே நான் பேசப்போவது விளம்பரக்காரர் பேச்சு அல்ல. மாதக் கடைசியில் பேரேட்டைப் புரட்டுகிறவனுடைய பேச்சு. 'இன்று ஒரு நாள் மட்டும், பாதி விலை' என்று கைப்பேசியில் வந்து விழும் சலுகைச் சீட்டுகளை நீங்களும் வாங்கியிருப்பீர்கள், நானும் வாங்கியிருக்கிறேன். வாங்குகிறவருக்கு அதில் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. கொடுக்கிற கடைக்கு அது நல்ல விளம்பரந்தானா என்று பார்ப்போம்.

இந்த வியாபாரத்தைப் பெரிதாக்கியது சிகாகோவில் 2008-இல் தொடங்கிய குரூப்பான். தங்கள் அலுவலகம் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்து உணவகத்தில், ஒரு பீட்சா விலைக்கு இரண்டு என்பதுதான் அவர்கள் விற்ற முதல் சலுகை. குழுவும் கூப்பனும் சேர்ந்த பெயர் அது. இத்தனை பேர் சேர்ந்தால்தான் சலுகை செல்லும் என்பது தொடக்க கால விதி. இரண்டே ஆண்டில், 2010-இல், ஏறத்தாழ 600 கோடி டாலருக்கு அதை வாங்க கூகுள் முன்வந்தது, மறுத்துவிட்டார்கள். அந்த நிறுவனம் பிறகு எப்படி ஏறி இறங்கியது என்பது வேறு கதை. கீழ்த்தளத்துக் கடைக்காரர்தான் நம் கவலை.

காகிதம், பென்சில் தேவையில்லை. விரலை மடக்கிப் போடுகிற கணக்குதான். ஒரு சேவையின் விலை நூறு என்று வையுங்கள். பாதி விலைக்கு ஐம்பது. அந்த ஐம்பதில் ஏறக்குறைய பாதியை விற்றுக் கொடுக்கிற நிறுவனம் எடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. கடைக்காரர் கைக்கு வருவது இருபத்தைந்து. அந்த வேலைக்கான பொருளும் கூலியும் நாற்பது என்றால், வருகிற ஒவ்வொருவருக்கும் பதினைந்தைக் கையில் கொடுத்து அனுப்புகிறார் என்று பொருள். மறுபடியும் சொல்கிறேன்: நூறு பெறுமானமுள்ள வேலைக்கு இருபத்தைந்து. நட்டம் என்று அப்போதே தெரிந்தால் நிறுத்திவிடலாம். ஆனால் சீட்டு விற்றவுடன் பணம் மொத்தமாகவோ தவணையாகவோ வந்து சேர்ந்துவிடுகிறது. வேலை பிறகு வருகிறது. கணக்குப் புத்தகத்தில் அது வரவே அல்ல, கடன். செய்து தீர்க்கவேண்டிய கடன். அதை வரவென்று எண்ணி வாடகை கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அப்படி ஒருவருடைய கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மூன்று நாற்காலி போட்டு முடி அலங்கார நிலையம் நடத்திய ஓர் அம்மையார். கை சுத்தமானவர், கணக்கில் ஒரு காசு பிசகாது. வார நடுவில் இரண்டு நாட்கள் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன என்பதுதான் அவருடைய குறை. ஒரு சலுகை நிறுவனத்தின் பேச்சைக் கேட்டுப் பாதி விலைச் சீட்டு போட்டார். எத்தனை சீட்டு விற்கலாம் என்று வரம்பு வைக்கவில்லை. ஒரே நாளில் நானூறு விற்றுவிட்டன. என்னைத் தொலைபேசியில் அழைத்து, 'ஐயா, நானூறு பேர்!' என்றார். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி.

இரண்டு மாதம் கழித்து அவருடைய முன்பதிவு நோட்டைப் பார்த்தேன். நான் பேரேட்டைவிட இந்த நோட்டைத்தான் முதலில் பார்ப்பேன். அது பொய் சொல்லாது. பக்கம் முழுக்கப் பென்சிலில் எழுதி, அழித்து, மேலே எழுதி, தாளே தேய்ந்து போயிருந்தது. சீட்டுக்காரர்கள் பெயருக்குப் பக்கத்தில் சிறிய வட்டம் போட்டிருந்தார். காலியாகக் கிடந்த வார நடுவில் வட்டம் குறைவு. வாரக் கடைசியில் வட்டத்தின் மேல் வட்டம். பழைய பக்கங்களில் ஒரு பெயர் மாதந்தோறும், முதல் சனிக்கிழமை பத்து மணிக்கு, ஒரே மாதிரி எழுதியிருந்தது. புதிய பக்கத்தில் அந்தப் பத்து மணியில் ஒரு வட்டம். அந்தப் பெயர் எங்கே என்று கேட்டேன். 'இடமில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொன்னேன், வரவில்லை' என்றார். அடுத்த மாதப் பக்கத்தையும் புரட்டினேன். அந்தப் பெயர் இல்லை. முழு விலை கொடுத்து, ஒரு சொல் முணுமுணுக்காமல் ஆறு ஆண்டு வந்த பெயர். நானூறு பேரில் இரண்டாம் முறை முழு விலைக்கு வந்தவர்களை அவரே விரல்விட்டு எண்ணிச் சொன்னார். ஒரு கையிலேயே முடிந்துவிட்டது. உதவிக்கு இருந்த பெண்ணும் அந்த மாதமே விலகிப் போனாள். நாள் முழுக்க நின்று கால் வீங்கிவிட்டது என்றாளாம். முதலுக்கே மோசம் என்பார்களே, அந்த நிலைமை.

வாடிக்கை என்றால் வழக்கம், பழக்கம். யாருக்கு நம் கடைக்கு வருவது பழக்கமாகிவிட்டதோ அவர்தான் வாடிக்கையாளர். நம் மொழி அந்தச் சொல்லிலேயே கணக்கை வைத்திருக்கிறது. ஒரு முறை வந்தவர் வாடிக்கையாளர் அல்ல, வந்தவர். அவ்வளவுதான். அன்றைய சலுகைக்கு வருகிறவருக்கு எது பழக்கம்? சலுகை தேடுவது பழக்கம். நாளைக்கு அவர் அடுத்த கடையின் சலுகைக்குப் போவார். அது அவர் தப்பும் இல்லை. கூட்டம் வேறு, வாடிக்கை வேறு.

எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் உத்பல் தொலாக்கியா, 2010-இல் குரூப்பான் சலுகை போட்ட 150 தொழில்களைக் கேட்டறிந்தார். 66 சதவீதத்தினர் லாபம் என்றார்கள், 32 சதவீதத்தினர் லாபமில்லை என்றார்கள். ஆனால் மறுபடி போடமாட்டோம் என்றவர்கள் 40 சதவீதத்துக்கும் மேல். லாபம் பார்த்தவர்களிலேயே சிலர் வேண்டாம் என்றிருக்கிறார்கள் என்றால், அவர்களும் தங்கள் நோட்டைப் புரட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதே ஆய்வில் நான் இரண்டு முறை படித்த இடம் ஒன்று உண்டு: சலுகை பலிக்குமா என்பதோடு நெருங்கிய தொடர்புடையதாக அவர் கண்டது கடை ஊழியர்களின் மனநிறைவு. எனக்கு அந்தக் கால் வீங்கிய பெண் நினைவுக்கு வந்தாள். உணவகங்கள் அதிகம் அடிபட்டன, அழகு நிலையங்கள் தேறின என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. என் அம்மையார் தேறியிருக்க வேண்டியவர்தான். வரம்பு வைக்காததுதான் அவரைக் கவிழ்த்தது.

வரம்பு என்றதும் இங்கிலாந்தில் ரெடிங் நகருக்குப் பக்கத்துக் கேக் கடை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2011-இல் 75 சதவீதத் தள்ளுபடி போட்டார்கள். பன்னிரண்டு சிறு கேக் கொண்ட பெட்டிக்கு 8,500 பேர் பணம் கட்டிவிட்டார்கள். பெருக்கிப் பாருங்கள்: 1,02,000 கேக். வெளியிலிருந்து ஆள் பிடித்து இரவு பகலாகச் சுட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் கைநட்டப்பட்டு, அந்த ஆண்டு லாபமே கரைந்துபோனது.

யாருக்கு இது ஒத்துவரும்? காலியாகப் போகிற இடத்தை விற்கிறவருக்கு. உடற்பயிற்சிக் கூடத்தில் ஓர் ஆள் கூடுதலாக வந்தால் செலவு ஏறுவதில்லை. நாடகக் கொட்டகையில் காலி இருக்கை நாளைக்கு உதவாது. அங்கே இருபத்தைந்து வந்தாலும் மிச்சந்தான். ஒவ்வொரு ஆளுக்கும் மாவும் நெய்யும் கைவேலையும் செலவாகிற இடத்தில் அந்தப் பேச்சு எடுபடாது. புதிதாகத் திறந்த கடை, ஊருக்குத் தன் பெயரே தெரியாத கடை, அதை விளம்பரச் செலவு என்று தெரிந்தே போடலாம். தெரிந்தே என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி, சலுகை போட்டே தீருவேன் என்கிறவர்கள் என்ன செய்யலாம் என்று ஐந்தாறு குறிப்புகள் எழுதி வந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமா, இரண்டு குறிப்பா தெரியவில்லை. ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். எத்தனை சீட்டு என்ற எண்ணிக்கையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். காலியாக இருக்கிற நாட்களுக்கு மட்டும் செல்லும் என்று சீட்டிலேயே அச்சிடச் சொல்லுங்கள். தள்ளுபடியை முதல் வருகைக்கு வைப்பதைவிட இரண்டாம் வருகைக்கு வைப்பது நல்லது. அதற்கு இடைத்தரகர் வேண்டாம், உங்கள் ரப்பர் முத்திரை போதும். வாரக் கடைசிப் பக்கங்களில் பழைய பெயர்களை முதலில் எழுதிவிட்டு மிச்ச இடத்தைப் பாருங்கள். விலையை எப்படிச் சொல்லவேண்டும் என்று இன்னொன்று வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை. வணக்கம்.