முன்பதிவா, வழியில் தங்கலா? கேரவனின் கணக்கு

வணக்கம் நேயர்களே.

ஆஸ்திரேலியாவில் காருக்குப் பின்னால் கேரவன் என்னும் வீட்டு வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒவ்வோர் இரவுக்கும், கட்டணம் கட்டித் தங்கும் கேரவன் பார்க்கில் இடம் உறுதியான பிறகுதான் வண்டியை எடுப்போம் என்பது ஒரு கட்சி. பொழுது சாயும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம், தூங்குவதற்குக் காசு எதற்கு என்பது மற்றது. அவரவர் சுபாவம் என்றுதான் இதைப் பேசுகிறோம். ஆனால், எத்தனை இரவு வெளியே தாக்குப்பிடிக்கலாம் என்பதைத் தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, கழிவறையின் கேசட் (கழிவு சேரும், கழற்றி எடுக்கும் பெட்டி) ஆகிய மூன்றும்தான் முடிவு செய்கின்றன. எந்த இரவுக்கு முன்பதிவு தேவை என்பதைப் பள்ளி விடுமுறை முடிவு செய்கிறது.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். பல கேரவன்களில் 80 முதல் 95 லிட்டர் வரை பிடிக்கும் தொட்டிகள் இரண்டு இருக்கும். 180 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிக்கனமாகக் குளித்து, சமைத்து, பாத்திரம் கழுவினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் ஆகும். நான்கு பேர் என்றால் 60 லிட்டர். மூன்றாம் நாள் இரவு குழாய் காற்றைத் துப்பும். நம் சமையலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அரிசி களைய ஒரு தண்ணீர், எண்ணெய் ஒட்டிய குழம்புச் சட்டிக்கு மூன்று தண்ணீர். சட்டியை முதலில் காகிதத்தால் வழித்துத் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதித் தண்ணீர் மிச்சம். கழிவுநீர்த் தொட்டியும் நாறாது. பிரஷர் குக்கரை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், எரிவாயு மிச்சமாகும்.

அடுத்தது பேட்டரி. பேட்டரி எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்பதை ஆம்பியர் மணியில் சொல்வார்கள். 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் 90 வரை எடுக்கலாம். ஏஜிஎம் என்னும் பழைய ஈய-அமில வகையில் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். கம்ப்ரஸர் வைத்த பெரிய கேரவன் ஃபிரிட்ஜ் நாளொன்றுக்கு 70 ஆம்பியர் மணி வரை தின்னும். விளக்கு, தண்ணீர் மோட்டார், விசிறி, கைபேசி எல்லாம் சேர்ந்து இன்னொரு 20. கூரையில் 200 வாட் சூரியத் தகடு இருந்தால் நல்ல வெயில் நாளில் 60 திரும்ப வரும். ஆக, தினம் 30 துண்டு விழுகிறது. மூன்று நாளில் பேட்டரி காலி. நிழலுக்காக மரத்தடியில் நிறுத்தினால் மூன்று நாள்கூடத் தாங்காது. விக்டோரியாவிலும் டாஸ்மேனியாவிலும் ஜூலை மாத வெயிலில் அந்த 60-இல் பாதிகூட வராது. ஏசியை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அது 1,500 வாட் இழுக்கும். இந்த பேட்டரி முழுதாக இருந்தாலும் முக்கால் மணி நேரத்தில் படுத்துவிடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

சிலருடைய வண்டியில் எரிவாயு, பேட்டரி, வெளி மின்சாரம் மூன்றிலும் ஓடும் மூவழி ஃபிரிட்ஜ் இருக்கும். அதற்கு பேட்டரிக் கவலை குறைவு. ஆனால் வண்டி சமமாக நிற்க வேண்டும். உள்ளே சுற்றும் திரவம் தானாகவே கீழே இறங்கித்தான் வேலை செய்கிறது. வண்டி சாய்ந்து நின்றால் அது ஓரிடத்தில் தேங்கிவிடும், குளிர்ச்சி நின்றுவிடும். பர்னர் எரிகிறது, பால் மட்டும் திரிகிறது என்றால் முதலில் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள்.

கடைசியாக கேசட். வெளிப்படையாகச் சொன்னால் இதுதான் உங்கள் நாட்காட்டி. கொள்ளளவு 18 முதல் 20 லிட்டர். இரண்டு பேருக்கு மூன்று, நான்கு நாள் வரும். குழந்தைகளோடு நான்கு பேர் என்றால் இரண்டு நாள்தான். தண்ணீரை எங்கேயாவது கேட்டு வாங்கலாம், பேட்டரிக்கு ஜெனரேட்டர் வைக்கலாம். நிறைந்த கேசட்டுக்கு, அதைக் கொட்டுவதற்கென்றே அமைத்த டம்ப் பாயிண்ட் ஒன்றுதான் வழி. அதனால் பயணத்தைத் திட்டமிடும்போது ஊர்களைக் குறிப்பதற்கு முன்னால் டம்ப் பாயிண்ட்களைக் குறியுங்கள். விக்கிகேம்ப்ஸ் போன்ற செயலிகளில் அவை தனியாகக் காட்டப்படும். ஆர்வி ஃபிரெண்ட்லி டவுன் (கேரவன்காரர்களை வரவேற்கும் ஊர்) என்று பலகை வைத்திருக்கும் சிற்றூர்களிலும் கிடைக்கும்.

காலி செய்வதிலும் ஒரு முறை இருக்கிறது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஊற்றும் மூக்கை வெளிப்பக்கம் திருப்பி மூடியைக் கழற்றுங்கள். மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்த பிறகே காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுத்தாமல் கவிழ்த்தால் உள்ளே காற்று போக வழியின்றி ‘களக் களக்’ என்று தெறிக்கும், சட்டை வீணாகும். இரண்டு முறை அலசி, இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர், அளவான மருந்து ஊற்றிப் பூட்டுங்கள். ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்து வேண்டாம். சிற்றூர்களில் பல டம்ப் பாயிண்ட்கள் செப்டிக் தொட்டிக்குப் போகின்றன. அங்கே கழிவைச் செரிக்கும் கிருமிகளை அது கொன்றுவிடும். அலசுவதற்கென்று அங்கே இருக்கும் குழாயில் குடிநீர் பிடிக்கவே கூடாது. குடிநீருக்கான ஹோஸைத் தனிப் பெட்டியில் வையுங்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தாளம் கிடைக்கும். மூன்று இரவு வெளியே (நான்கு பேர் என்றால் நடுவில் ஒரு முறை கேசட்டைக் காலி செய்து), நான்காம் இரவு மின் இணைப்புள்ள பவர்டு சைட்டில். அன்றைக்குத் துணி துவைத்து, தண்ணீர் நிரப்பி, பேட்டரியை முழுக்க ஏற்றிக்கொள்ளலாம். பவர்டு சைட்டுக்கு இடத்தைப் பொறுத்து 40 முதல் 70 டாலர் ஆகலாம். கடற்கரை ஊரில் ஈஸ்டர் சமயத்தில் இன்னும் ஏறும். நான்கு நாளைக்கு ஒரு முறை என்றால் அது பெரிய செலவாகத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஷோகிரவுண்டும் இருக்கிறது. ஊர்த் திருவிழா மைதானம்தான். மின்சாரம், கழிவறையோடு பெரும்பாலும் பார்க்கை விட மலிவு. என்னைக் கேட்டால் கேரவன்காரர்கள் அதிகம் பயன்படுத்தாத நல்ல வசதி இதுதான். ஊரில் குதிரைப் பந்தயமோ கண்காட்சியோ இருக்கும் வாரத்தில் மட்டும் அங்கே இடம் கிடைக்காது.

முன்பதிவு கட்டாயமாகும் இடங்களைப் பார்ப்போம். டிசம்பர் கடைசி முதல் ஜனவரி முழுக்கக் கடற்கரை ஊர்கள். ஈஸ்டர். ஜூன், ஜூலை விடுமுறையில் வடக்கே புரூம், டார்வின் பக்கம். தெற்கே குளிரும்போது எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் நிங்கலூ பவளப்பாறையை ஒட்டிய கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவில் 180 நாள் முன்னதாகப் பதிவு திறக்கும். ஆஸ்ப்ரே பே போன்ற முகாம்களுக்கு அன்றைக்கே உட்கார்ந்துவிட வேண்டும். பணம் கட்டிப் பதிவு செய்த இடம்தானே என்று தண்ணீர் இல்லாமல் போய்விடாதீர்கள். அங்கே மின்சாரமும் கிடையாது, குடிநீரும் கிடையாது. எக்ஸ்மத்திலேயே தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். குவீன்ஸ்லாந்து தேசியப் பூங்காக்களில் இன்னொரு சிக்கல். தங்குவதற்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றால் பல இடங்களில் சிக்னல் இருக்காது.

தொட்டியை நிரப்புவது என்றவுடன் எடையும் வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 180 லிட்டர் என்றால் 180 கிலோ. கேரவனில் ஏற்ற அனுமதித்த சுமையே 400 கிலோ என்றால், கிட்டத்தட்டப் பாதி தண்ணீருக்கே போய்விட்டது. இதில் 9 கிலோ சிலிண்டர் இரண்டு, கேரவனின் பக்கத்தில் விரிக்கும் பந்தல், கட்டில் விரிப்பு, அரிசி மூட்டை. ஏடிஎம் எல்லையை, அதாவது சுமையோடு சேர்த்து கேரவனுக்கு அனுமதித்த மொத்த எடையைத் தாண்டினால் போலீஸ் அபராதம் ஒரு பக்கம், காப்பீட்டில் வில்லங்கம் இன்னொரு பக்கம். ஆகவே பார்க்கிலிருந்து பார்க்குக்குப் போகும் நாளில் தொட்டியை நிரப்பிச் சுமக்க வேண்டாம்; வெளியே தங்கப் போகும் நாளில் மட்டும் நிரப்புங்கள். ஒரு முறை எல்லாவற்றையும் ஏற்றிப் பொது எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது நல்லது.

இனி, இலவசமாகத் தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது. மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள். நல்ல இடங்கள் அதற்குள் நிரம்பிவிடும். தவிர, அந்தி நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வரும். கிம்பர்லிப் பக்கம் ஜூன் மாதத்தில் ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். சாலையோர ஓய்விடங்களில் நேர வரம்பைப் பலகையில் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் பல இடங்களில் 24 மணி நேரம், குவீன்ஸ்லாந்தில் பெரும்பாலும் 20. லாரிகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நிற்காதீர்கள். ரோடு டிரெயின் என்னும், பல டிரெய்லர்களை இழுக்கும் 53 மீட்டர் நீள லாரியை ஓட்டுகிறவர் சட்டப்படி ஓய்வெடுத்தே ஆக வேண்டும்; அவருக்கு வேறு எங்கும் திரும்ப இடம் கிடையாது. இரவு முழுக்க அவருடைய குளிர்சாதன எந்திரம் உங்கள் காதருகே உறுமும் என்பது வேறு விஷயம்.

ஆற்றங்கரை யூகலிப்டஸ் மரத்தடி அழகாகத்தான் இருக்கும். ரிவர் ரெட் கம் காற்றே இல்லாத நாளிலும் பெரிய கிளையை உதிர்க்கும். இந்நாட்டில் அதற்கு விதவையாக்கும் மரம் என்று பட்டப்பெயரே உண்டு. கிளை விரிந்த வட்டத்துக்கு வெளியே நிறுத்துங்கள். வெப்பமண்டல வடக்கில் நீர் விளிம்பிலிருந்து 50 மீட்டராவது தள்ளி இருங்கள், முதலை. காய்ந்த ஆற்றுப் படுகையில் இறங்கவே வேண்டாம். மழை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பெய்தாலும் தண்ணீர் இங்கே வரும். கடற்கரை ஊர்களுக்குள் தெருவோரம் வண்டியில் படுப்பதைப் பல கவுன்சில்கள் தடை செய்திருக்கின்றன. விடியற்காலையில் கவுன்சிலின் ரேஞ்சர் கதவைத் தட்டுவார், அபராதச் சீட்டோடு.

தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் இடையே நல்லபோர் (Nullarbor) சமவெளியைக் கடக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செடூனாவிலிருந்து நார்ஸ்மன் வரை சுமார் 1,200 கிலோமீட்டர். இலவசமாகத் தங்க இடம் தாராளம், தண்ணீர்தான் அரிது; கிளம்பும் ஊரிலேயே நிரப்புங்கள். மேற்கே போகும்போது மாநில எல்லையில் பச்சைக் காய்கறி, பழம், தேன் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். கிழக்கே வரும்போது சோதனை செடூனாவில். முந்தைய இரவுச் சமையலை அதற்கேற்றபடி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் இரவுக்குப் பார்க்கைக் கூப்பிடும்போது, விடுமுறைக் காலம் இல்லையென்றால், அன்று காலை பத்து மணிக்குப் பிறகு கூப்பிடுங்கள். கிளம்புகிறவர்கள் கிளம்பி, ரத்தானவையும் தெரிந்திருக்கும். சுரங்க ஊர்களில் மட்டும் சில நாள் முன்னதாகவே கேளுங்கள். ஆலைப் பராமரிப்பு நடந்தால் தொழிலாளர்களே பார்க்கை நிரப்பிவிடுவார்கள். கேரவனின் நீளத்தை இழுப்புக் கம்பி முதல் பின்னால் தொங்கும் சைக்கிள் வரை அளந்து சொல்லுங்கள். காரைக் கழற்றாமல் நிறுத்தும் இடம் உண்டா, ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் 15 ஆம்பியர் கேபிளைச் சுருளிலிருந்து முழுக்க அவிழ்த்துப் போடுங்கள். சுருண்டு கிடந்தால் சூடேறி உருகும். தண்ணீர்க் குழாயில் அழுத்தக் குறைப்பானை மாட்டுங்கள். வெளியே சுற்றப் போகும்போது குழாயை அடைத்துவிடுங்கள். உள்ளே ஒரு இணைப்பு பிடுங்கிக்கொண்டால் திரும்பி வரும்போது தரைவிரிப்பு மிதக்கும்.