ரிமோட்டின் ஒளி, அடுப்புக் கதவின் வலை, ஊட்டியின் கம்பிகள்

வணக்கம், தம்பி தங்கைகளே. இன்று என் மேசை மீது ஒரு தொலைக்காட்சி ரிமோட்டும், ஒரு கைப்பேசியும், மூடி போட்ட ஓர் எவர்சில்வர் டப்பாவும் இருக்கின்றன. டப்பா எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ரிமோட். அதன் முனையில் உள்ள சிறு குமிழைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்துகிறேன், ஒன்றும் தெரியவில்லை. அதே குமிழைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்து அழுத்தினால், இதோ, இளம் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி விட்டுவிட்டு மின்னுகிறது. பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் இந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால், அங்கே தெரியாவிட்டால் ரிமோட் பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கண்ணுக்குப் புலப்படாத இந்த ஒளிக்கு அகச்சிவப்புக் கதிர் என்று பெயர். 1800ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்துகொண்டிருந்தார். சிவப்பு நிறம் முடிந்த பிறகு, வெறுமையாகத் தோன்றிய இடத்தில் வைத்த வெப்பமானிதான் எல்லாவற்றையும் விட அதிக வெப்பத்தைக் காட்டியது. ஒளி இல்லை என்று நாம் நினைக்கும் இடத்தில் நம் கண்ணுக்குத்தான் வேலை இல்லை என்பது அப்போது தெரிந்தது.

நாம் காணும் ஒளியும், ரிமோட்டின் கதிரும், வானொலி அலையும், மருத்துவமனையின் எக்ஸ் கதிரும் மின்காந்த அலைகள் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வெற்றிடத்தில் அவை அனைத்தும் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. அப்படியானால் வேறுபாடு எதில் இருக்கிறது? அலைநீளத்தில். கடலில் ஓர் அலையின் முகட்டிலிருந்து அடுத்த அலையின் முகடு வரை உள்ள தூரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை வானொலியில் அந்தத் தூரம் ஏறத்தாழ 417 மீட்டர்; 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலையில் 3 மீட்டர்; சிவப்பு ஒளியிலோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூட எட்டாது.

இந்த நீளத்தை நினைவில் வைத்துக்கொண்டு மைக்ரோவேவ் அடுப்பின் கதவைப் பாருங்கள். கண்ணாடிக்குள் பொடித் துளைகள் நிறைந்த உலோக வலை ஒன்று தெரியும். அடுப்புக்குள் உணவைச் சூடாக்கும் நுண்ணலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். வலையின் துளையோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். எனவே அந்த அலைக்கு வலை ஒரு முழு உலோகச் சுவராகவே அமைந்து, அதைத் திரும்ப உள்ளே அனுப்பிவிடுகிறது. உணவு சுழல்வதை நமக்குக் காட்டும் ஒளி அதைவிட மிகமிகச் சிறியது என்பதால், அதே துளை வழியே தாராளமாக வெளியே வந்துவிடுகிறது.

இதே உத்தியை மிகப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் ஊட்டிக்கு அருகிலுள்ள முத்தோரைக்குப் போக வேண்டும். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970இல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி, மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கும் 30 மீட்டர் அகலத்துக்கும் படுத்திருக்கிறது. விண்ணிலிருந்து வரும் வானொலி அலையைத் திருப்பிக் குவிக்கும் இவ்வளவு பெரிய ஆடியை உலோகத் தகட்டால் செய்யவில்லை. சுமார் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகளை அடுத்தடுத்து இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். விண்ணிலிருந்து அது பிடிக்கும் அலையின் நீளம் ஏறத்தாழ 92 சென்டிமீட்டர். கம்பிகளுக்கு இடையே உள்ள சில சென்டிமீட்டர் இடைவெளி அந்த அலையின் கண்ணில் படுவதே இல்லை. காற்று மட்டும் உள்ளே புகுந்து போய்விடும்! அந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு நுட்பம் உண்டு: மலையின் சாய்வும் அவ்விடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 பாகையாக ஒத்துப்போவதால், தொலைநோக்கியை ஒரே அச்சில் திருப்பிக்கொண்டு ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது.

கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சுவோர் நம் வீடுகளில் உண்டு. பொதுவாக, அலைநீளம் குறையக் குறைய அதன் ஒவ்வொரு துளியும், அதாவது ஃபோட்டான் எனப்படும் ஒவ்வொரு துணுக்கும், சுமக்கும் ஆற்றல் கூடும். வானொலி அலையின் துளியால் நம் உடலின் மூலக்கூறுகளை உடைக்க முடியாது. எக்ஸ் கதிராலும் காமா கதிராலும் முடியும். அதனால்தான் எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பவர் ஒவ்வொரு முறையும் ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய் நிற்கிறார். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து அஞ்சுவது சரியன்று.

இனி டப்பா. கைப்பேசியை உள்ளே வைத்து மூடிவிட்டு, இன்னொரு பேசியிலிருந்து அழைக்கிறேன். ஒலிக்கிறது, கேட்கிறதா? உலோகச் சுவருக்குள் அலை எப்படிப் புகுந்தது? மூடியின் ஓரத்தைப் பாருங்கள். இடுக்கு மயிரிழை அளவுதான். ஆனால் அது டப்பாவைச் சுற்றி முழு வட்டமாக ஓடுகிறது. கைப்பேசி அலையின் நீளம் பெரும்பாலும் ஒரு சாணுக்கு முன்பின்னாக இருக்கும். இடுக்கோ அதைவிட நீளமானது. அகலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அவ்வளவு நீளமுள்ள இடுக்கு வழியே அலை நுழைந்துவிடும். இப்போது அந்த வட்டம் முழுவதையும் அலுமினியத் தாளால் இறுக்கமாகச் சுற்றிவிட்டு மறுபடி அழைக்கிறேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்ற குரல் வருகிறது.