தாழ்வாரம் இல்லாத மாளிகை நமக்கு வேண்டாம்

மதிப்புக்குரிய மேயர் அவர்களே, ஆணையர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மாமன்ற உறுப்பினர்களே, பந்தல் போட்டுத் தந்த குடியிருப்போர் நலச் சங்கத்தாரே, காட்பாடியிலிருந்தும் சத்துவாச்சாரியிலிருந்தும் இந்த வெயிலில் வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய பெரியவருக்குத் தனியாக ஒரு நன்றி.

ஒரு நகரத்தின் பொது மாளிகையைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அதன் கட்டட அமைப்பு, மக்களுக்கு அதன் பயன், அதன் கதவு திறந்திருப்பது.

சென்னையில் 1913இல் திறந்த மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகையின் வெள்ளைச் சுவரையும் மணிக்கூண்டையும் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்த விக்டோரியா பொது மண்டபம். அதன் வடக்கிலும் தெற்கிலும் வளைவு வளைவாக ஓடும் தாழ்வாரத்தைத்தான் நான் நின்று பார்ப்பேன். நிழலின் அருமை வெயிலில் தெரியும். கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. டெல்லி மாநகராட்சி 28 மாடியில் சிவிக் சென்டர் கட்டியது. சரி, நமக்கு அத்தனை மாடி வேண்டாம்.

எங்கள் பெரியம்மா சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போனார். அக்னி நட்சத்திரம். உள்ளே நாற்காலிகள் நிறைந்துவிட்டன. "வெளியே நில்லும்மா, கூப்பிடுறோம்" என்றார்கள். வெளியே ஒரு தகரக் கூரைகூட இல்லை. எதிர்ச்சாரி வேப்பமரத்தடிக்குப் போனார். அங்கே ஏற்கெனவே கூட்டம். பென்ஷன் தாத்தா, கைக்குழந்தையோடு ஒரு பெண், வரி ரசீதை விசிறியாக்கிக்கொண்ட ஒருவர். பெயர் கூப்பிட்டால் மரத்தடிக்குக் கேட்காது. என்ன செய்தார்கள் தெரியுமா? லீவில் இருந்த பையன் ஒருவனை வாசலில் நிறுத்தினார்கள். பெயர் கேட்டதும் அவன் சாலையோரம் ஓடிவந்து கத்துவான். லாரி சத்தத்தில் பெரியம்மா பெயர் வேறு பெயராகக் கேட்டது. இன்னொரு அம்மா எழுந்து ஓடினார். கவுண்டரில் சண்டை. அது தீர்ந்து பெரியம்மா போய்ச் சேர்வதற்குள் சாப்பாட்டு நேரம். "நாளைக்கு வாங்க." திரும்பும்போது அந்தப் பையனுக்கு மோர் வாங்கிக் கொடுத்தது பெரியம்மாதான். நிழலின் அருமை வெயிலில் தெரியும், ஐயா!

நம் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் நண்பகலில் உட்கார்ந்து பாருங்கள். கல் தூண்களுக்கு நடுவே உடம்பு எப்படிக் குளிர்கிறது! ஆங்கிலேயர் காலத்தில் அந்தக் கோயில் கிடங்காகக் கிடந்தது. 1981இல்தான் சாமி திரும்பி வந்தார். கதவு மூடிக் கிடந்த காலத்தில் அந்த நிழல் யாருக்குப் பயன்பட்டது?

2008இல் மாநகராட்சி ஆனோம். இனி இங்கே எந்தப் பொதுக் கட்டடம் எழுந்தாலும், அதன் வரைபடத்திலேயே பத்தடி அகலத் தாழ்வாரம் இருக்கட்டும். கல் பெஞ்சு, குடிநீர், பூட்டாத கழிப்பறை, அப்புறம் பெயர் கூப்பிட ஓர் ஒலிபெருக்கி. அங்கே உட்கார வருபவரை "என்ன வேலை?" என்று யாரும் கேட்கக் கூடாது.

வாசலருகே மேசையில் மனு இருக்கிறது. கையெழுத்தோடு வார்டு எண்ணையும் எழுதுங்கள். மேயர் அவர்கள் கிளம்புவதற்குள் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நன்றி, வணக்கம்.