புயலுக்கு முந்தைய காலை

நேயர்களுக்கு வணக்கம்.

தனுஷ்கோடி என்று சொன்னால் யாருக்கும் ஓர் இரவுதான் நினைவுக்கு வருகிறது. 1964 டிசம்பர் 22. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில், நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு, ஊரையே அழித்த புயலில் கடலுக்குள் போன இரவு. பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், மாணவர்கள் வருகிறார்கள், சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். எல்லோரும் அந்த இரவைத்தான் கேட்கிறார்கள். நானும் சில ஆண்டுகள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மண்டபம் முதல் தொண்டி வரை கடலோர ஊர்களில் முதியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்து வருகிறேன். பாம்பனில் ஒரு பாட்டியிடம் புயலைப் பற்றிக் கேட்டேன். பத்து நிமிடம் சொன்னார். சொற்கள் மிகவும் சீராக வந்தன. பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. என் பையில் பழைய தனுஷ்கோடி ரயில் நிலையத்தின் படம் ஒன்று இருந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணருகே கொண்டுபோனார். பிறகு இரண்டு மணி நேரம் பேசினார். எந்த வாசலில் வெந்நீர் விற்றார்கள், கப்பல் சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவார்கள், சுங்க அதிகாரிகள் பெட்டியைத் திறக்கச் சொல்லும்போது கொழும்புப் பயணிகளின் முகம் எப்படிப் போகும் என்றெல்லாம் சொன்னார். புயலைப் பற்றி ஒரு சொல்கூட அதில் வரவில்லை. அந்த ஊரில் அதற்கு முன்பு ஆயிரக்கணக்கான காலைகள் விடிந்திருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இன்றைய பிள்ளைகளுக்கு ராமேஸ்வரம்தான் ரயில் பாதையின் கடைசி. அன்று முதன்மைப் பாதை தனுஷ்கோடிக்குப் போனது. பாம்பனில் பிரிந்த கிளைப் பாதைதான் ராமேஸ்வரத்துக்கு. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ஐம்பது ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. சென்னை எழும்பூரில் போட் மெயில் ரயிலில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, இர்வின் அல்லது கோஷன் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பு வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். புயலில் சிதைந்த பாலத்தை 46 நாட்களில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிக்கான பாதையை மட்டும் யாரும் திரும்பப் போடவில்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது.

ஆகவே அந்த ஊரின் படங்கள் அந்த ஊரில் கிடைக்காது. வீட்டோடு டிரங்குப் பெட்டியும் போய்விட்டது. பிழைத்தவை எவை என்றால், புயலுக்கு முன்பே ஊரைவிட்டு வெளியேறிய படங்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியது, கொழும்பில் கடை வைத்திருந்த மாமாவுக்குத் தபாலில் போனது, கீழக்கரையில் ஒரு சம்மாட்டி, அதாவது படகு உரிமையாளர், வீட்டுச் சுவரில் மாட்டியது. படத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரை இருக்கும். ராமநாதபுரம் என்று இருக்கலாம், யாழ்ப்பாணம் என்றும் இருக்கலாம். நம் கரையின் வரலாற்றில் பாதி, கடலுக்கு அப்பால் இலங்கையின் வட பகுதியில் இருக்கிறது. அங்கேயும் இழப்பு பெரிது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் ஈழத்தின் எழுத்துகளை விடாமல் சேர்த்து வைக்கிறது. பாண்டிச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி எண்ணிமப் படியெடுத்திருக்கிறார்கள். நமக்கு வழிகாட்ட ஆட்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் பழைய படம் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நம் ஊர் உப்புக்காற்றில் சட்டத்துக்குள் இருக்கும் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். தயவுசெய்து உரிக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கண்ணாடியோடு, ஃபிளாஷ் இல்லாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் கைப்பேசியால் படமெடுங்கள். லேமினேஷன் செய்வது வேண்டவே வேண்டாம்; பாதுகாப்பு என்று நினைத்து எத்தனையோ வீடுகளில் செய்திருக்கிறார்கள், அதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. பெயர் எழுதுவதானால் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பேனா மை முன்பக்கம் கசியும்.

ஒலிப்பதிவுக்கு ஒரு கைப்பேசி போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் திண்ணையில் உட்காராதீர்கள். காற்றின் இரைச்சல் தவிர வேறெதுவும் பதிவாகாது. படத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். பேச்சு தானாக வரும். முதியவர் விரலால் தொட்டு "இவன் தான்" என்பார். ஒலிப்பதிவில் விரல் தெரியாது. "இடமிருந்து மூன்றாவது, குடை பிடித்தவர்" என்று நீங்கள் மெல்லச் சொல்லிவிடுங்கள். ஆண்டுகள் முன்பின்னாக வரும். திருத்தாதீர்கள். கப்பலின் நிறத்தைப் பற்றி இரண்டு சகோதரர்கள் என் முன்னால் சண்டையே போட்டார்கள். இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

சில படங்களை எடுக்கும்போது கை நடுங்கும். புயலுக்கு இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்பு, 1964 அக்டோபர் 30இல், இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையின் மலைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. மலையகத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் கப்பலில் இந்தக் கரைக்கு வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாம் அவர்களில் பலருக்கு முதல் கூரை. அவர்கள் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு படம் இருக்கும், கடவுச்சீட்டுக்காக எடுத்தது. யாரும் சிரிக்காத படம். அந்தப் பெரியவர்களிடம் முதலில் அனுமதி கேளுங்கள். நடுவில் கையை உயர்த்தினால் பதிவை நிறுத்துங்கள். ஒருமுறை நான் நிறுத்தத் தாமதித்தேன். அந்த அம்மாவின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிறகு மன்னிப்புக் கேட்டு, அந்தப் பகுதியை அவர் எதிரிலேயே அழித்தேன்.

புயலடித்த அன்று பத்து வயதுச் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். சென்ற ஆண்டு நான் பதிவு செய்தவர்களில் மூவர் இன்று இல்லை. நான்காவதாக ஒருவர், அடுத்த வாரம் வா என்று சொல்லி அனுப்பியவர். அடுத்த வாரம் போனபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

இந்த உரையைக் கேட்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தனுஷ்கோடியில் பள்ளிக்கூடம் இருந்தது. ஆண்டுதோறும் மரத்தடியில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துக் குழுப்படம் எடுத்ததாக அங்கே படித்த இருவர் என்னிடம் சொன்னார்கள். எந்த ஆண்டின் படமும் இதுவரை என் கைக்கு வரவில்லை. மதுரையிலோ, திருச்சியிலோ, கடல் கடந்து மன்னாரிலோ உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு படம் இருந்தால் இந்த நிலையத்துக்கு எழுதுங்கள். படத்தை அனுப்ப வேண்டாம். நான் நேரில் வந்து படியெடுத்துக்கொண்டு உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். அதில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் பாம்பனில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

வணக்கம்.