தங்கவயலுக்கு விதான சௌதாவில் ஒரு லாபியிஸ்ட் வேண்டுமா?

[திரையில்: காலை நேரம். மாரிக்குப்பத்திலிருந்து வரும் ரயில் கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கிறது, பிளாட்பாரம் நிறைய ஆட்கள்]

மாநில அரசிடம் பணம் வாங்கித் தருவதற்கென்றே ஒரு சின்ன ஊர் நகரசபை சம்பளத்துக்கு ஆள் வைக்கலாமா?

அமெரிக்காவில் இது சாதாரண விஷயம். நகரசபைகள் மாநிலத் தலைநகரில் லாபியிஸ்ட் வைத்திருக்கும். யாருக்காக வேலை செய்கிறார் என்பதை அவர் பதிவு செய்தாக வேண்டும். எந்த மசோதாவில் தன் ஊருக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்பதும், சட்டமன்ற உறுப்பினர்களைப் போய்ப் பார்ப்பதும்தான் அவர் தொழில்.

பெங்களூர்த் தமிழர்களில் பலருக்குத் தங்கவயல்தான், அதாவது கே.ஜி.எஃப்.தான், சொந்த ஊர். அதனால் அந்த ஊரை வைத்தே யோசிப்போம். அதன் நகரசபைக்குப் பெயர் ராபர்ட்சன்பேட்டை; 2011 கணக்குப்படி அதில் 1.6 லட்சம் பேர் இருந்தார்கள். தங்கச் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். அதற்கப்புறம் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். இந்த நகரசபை, கர்நாடகச் சட்டமன்றம் இருக்கும் விதான சௌதாவுக்கு ஓர் ஆளை அனுப்பி வைத்தால் காசு வருமா?

[திரையில்: கலிபோர்னியா வரைபடம்]

கலிபோர்னியா நகரங்களை வைத்து ஜூலியா பேசன் என்ற அரசியல் ஆய்வாளர் 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். லாபியிஸ்ட் வைத்த நகரங்களுக்கு மாநிலப் பணம் கூடுதலாக வந்தது உண்மைதான். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால், அதிகம் வாங்கியவை வசதியான ஊர்கள். சொந்த வரியே நிறைய வரும் ஊர்கள்! பரிமாறுகிறவன் நம்மவனாக இருந்தால் பந்தியில் எங்கே உட்கார்ந்தால் என்ன என்பார்களே, அந்தக் கதைதான். டெக்சாஸில் மக்கள் வரிப்பணத்தில் லாபியிஸ்ட் வைப்பதைத் தடுக்க 2019-ல் ஒரு மசோதா வந்தது. செனட்டில் தேறியது, கீழவையில் தோற்றது.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே லாபியிஸ்ட்டைப் பதிவு செய்யச் சட்டமே கிடையாது. "மேலே எனக்கு ஆள் இருக்கு, முடிச்சுத் தரேன்" என்று வருபவர் யார், தரகரா ஆலோசகரா? அவருக்குக் கொடுக்கும் பணத்தை நகரசபை எந்தத் தலைப்பில் எழுதும்? தணிக்கைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

அதைவிட முக்கியம், பணம் வரும் வழியே வேறு. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தப்படி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அமையும் மாநில நிதி ஆணையம்தான் உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு பங்கு என்று பரிந்துரைக்கிறது. கர்நாடகத்தின் 5-வது ஆணையம் 2023-ல் அமைந்தது. மத்தியப் பணத்துக்கும் நிபந்தனைகள் உண்டு. 2021-26க்கான மத்திய அரசின் 15-வது நிதி ஆணைய மானியத்தில், பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்று இருந்தது. தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் போட்டாக வேண்டியிருந்தது. மாநில அரசு சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதமும் அறிவித்திருக்க வேண்டியிருந்தது. யாரைப் பார்த்தாலும் இப்படிப்பட்ட நிபந்தனைகள் தளராது.

[திரையில்: பயன்பாட்டுச் சான்றிதழ் படிவம், நெருக்கமாக]

வந்த பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்று காட்டும் சான்றிதழ் இது. பல ஊர்களில் பணம் நிற்பது இந்தக் காகிதத்தில்தான். அனுமதிக் கடித எண், தேதி, வந்த தொகை, செலவான தொகை, மீதி. பார்த்தால் நாலைந்து கட்டம். முதல் தவணையில் குழாய் பதித்திருப்பார்கள். அதற்குள் இன்ஜினியருக்கு மாற்றல் வந்திருக்கும். நடந்த வேலையின் அளவைக் குறித்து வைக்கும் அளவுப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று புதியவருக்குத் தெரியாது. அதனால் சான்றிதழ் போகாது. சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வராது.

ஆகவே என் கணக்கு இதுதான்: லாபியிஸ்ட்டுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு நல்ல கணக்காளரை வையுங்கள். திட்ட அறிக்கை எழுதத் தெரிந்த ஓர் இன்ஜினியரும் கிடைத்தால் இன்னும் நல்லது. மேலே பேசுவதற்குத்தான் எம்எல்ஏ இருக்கிறார், அது அவர் வேலை. அதற்குத் தனியாக ஃபீஸ் எதற்கு? மாநில நிதி ஆணையம் கருத்துக் கேட்கும்போது பக்கத்து ஊர்களோடு சேர்ந்து மனு கொடுக்கலாம். கலிபோர்னியாவில்கூட நகரங்கள் 1898-லேயே சங்கம் வைத்துக்கொண்டன.

சிட்டிஃபைனான்ஸ் என்று மத்திய அரசின் இணையதளம் ஒன்று இருக்கிறது. உங்கள் நகரசபை கடைசியாக எந்த வருஷக் கணக்கைப் போட்டிருக்கிறது என்று அதில் பாருங்கள். பார்த்துவிட்டு, ஊர் பெயரோடு கீழே எழுதுங்கள்.